நெடுஞ்சாலையோரத் தனியார் நிலத்தில் பனிவேலி: ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரலில் முடியும் வேலை

இந்த வழிகாட்டி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹியூரன் ஏரியை ஒட்டிய புரூஸ், கிரே, ஹியூரன் கவுண்டிகளை (மாவட்டம் போன்ற பிரிவுகளை) மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே குளிர்காலம் முழுவதும் ஏரிப் பக்கமிருந்து மேற்கு, வடமேற்குக் காற்று வீசுகிறது. அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயல்களின் பனியை அது வாரிக்கொண்டு வந்து சாலையில் கொட்டுகிறது. வானம் வெளுத்து ஒரு நாள் ஆன பிறகும் சாலை மூடிக்கிடந்தால், பெரும்பாலும் அது அன்று பெய்த பனி அல்ல. வயலில் கிடந்த பழைய பனி. அதை வயலிலேயே இறக்கிவிடுவதுதான் பனிவேலியின் வேலை.

டவுன்ஷிப் (ஊராட்சி) சாலைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களும், தங்கள் வயலோரச் சாலைக்காகத் தாமே வேலி கட்ட முன்வரும் விவசாயிகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இதை நவம்பர் மாத வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பம் நடுவது நவம்பரில்தான். ஆனால் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பேச்சு ஆகஸ்டிலேயே நடந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள்

பனிவேலி பனியை மறித்து நிறுத்தும் சுவர் அல்ல. பாதி அடைப்பும் பாதி திறப்புமான அதன் ஊடாகக் காற்று கடந்து போகிறது. கடக்கும்போது வேகம் இழக்கிறது. வேகம் இழந்ததால் சுமந்துவந்த பனியைக் கீழே போடுகிறது. எனவே பனியின் பெரும்பகுதி வேலிக்குப் பின்னால், அதாவது சாலை இருக்கும் பக்கம், மேடாகச் சேர்கிறது.

சமதரையில் அந்த மேடு முழுவதும் நிரம்பும்போது, வேலியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு தூரத்துக்கு நீளும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையோரம் 1971 முதல் அமைக்கப்பட்ட வேலிகளை ஆண்டுக்கணக்காக அளந்து ஆராய்ந்தவர் ரொனால்ட் டேப்ளர். இந்த விதி அவருடைய வேலையிலிருந்து வந்தது. நான் கீழே தரும் எண்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான்.

கடைகளில் கிடைக்கும் சுருள்வேலியின் அகலம் 4 அடி, அதாவது 1.2 மீட்டர். அதைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கிக் கட்ட வேண்டும் (காரணம் 7ஆம் பகுதியில்). ஆகவே தரையிலிருந்து வேலியின் உச்சி வரை 1.35 மீட்டர். அதன் 35 மடங்கு சுமார் 47 மீட்டர். சாலையோரத்திலிருந்து வேலி இருக்க வேண்டிய தூரம் இது. சுருளின் அகலத்தை மட்டும் எடுத்து 42 மீட்டர் என்று கணக்குப்போடுவது பலர் செய்யும் தவறு. மிச்சமுள்ள 5 மீட்டர் பனி சாலையில்தான் வந்து விழும்.

இப்போது சாலையைப் பாருங்கள். ஒன்ராறியோவின் பழைய கன்செஷன் சாலைகளுக்கு (நில அளவைக் கட்டங்களின் ஓரமாகச் செல்லும் கிராமச் சாலைகளுக்கு) ஒதுக்கப்பட்ட நிலத்தின் அகலம் 66 அடி, ஏறக்குறைய 20 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளினாலே அடுத்தவர் வயல். 47 மீட்டர் என்பது அந்த வயலுக்குள் வெகு தூரம். தனியார் நிலம் ஏன் வேண்டும் என்பதற்கு முழுக் காரணமும் இதில் இருக்கிறது.

அனுமதி கேட்கத் தயங்கி, சாலைக்குரிய நிலத்தின் எல்லையிலேயே வேலியைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வேலியின் பனிமேடு நேராகச் சாலைமேல் உருவாகும். வேலியே இல்லாதிருந்தால் சாலையைத் தாண்டிப் பறந்து போயிருக்கக்கூடிய பனியையும் அது இறக்கி வைத்துவிடும். 47 மீட்டருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் இந்த உயரத்துக்கு வேலி கட்டாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

2. எந்தக் காற்று என்று கண்டுபிடியுங்கள்

ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்று உங்களுக்குப் பயன்படாது. பனியைத் தூக்கக்கூடிய குளிர்காலக் காற்று மட்டுமே கணக்கு. புதிதாக விழுந்த உலர்ந்த பனி, மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றிலேயே நகரத் தொடங்கிவிடும். வேகம் இரட்டித்தால் காற்று கொண்டுவரும் பனி ஏறத்தாழ 14 மடங்காகிறது. ஆகவே சில பலத்த புயல்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ, அதுவே உங்கள் திசை.

அருகிலுள்ள விமான நிலையத்தின் காற்றுப் பதிவுகளைப் பாருங்கள். அதைவிட நம்பகமானவை சென்ற குளிர்காலத்தில் எடுத்த படங்கள். கம்பத்துக்கும் புதருக்கும் பின்னால் பனி எந்தப் பக்கம் வால் நீட்டியிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் காற்று வந்த திசை. பனி தள்ளும் வண்டி ஓட்டுநரிடமும் கேளுங்கள். எந்த வளைவில், எந்தக் களஞ்சியத்தைத் தாண்டியதும் பார்வை மறைகிறது என்பதை அவர் மீட்டர் கணக்கில் சொல்வார்.

காற்று சாலையை ஏறக்குறைய செங்குத்தாகக் கடந்தால், வேலியைச் சாலைக்கு இணையாகக் கட்டுங்கள். காற்றுக்கும் சாலைக்கும் இடையிலான கோணம் 55 பாகைக்குக் கீழே போனால் இணைவேலி பலன் தராது. அங்கே காற்றுக்குக் குறுக்காகத் திரும்பிய சிறு வேலிகளை, ஒன்றின் முனை அடுத்ததை மறைக்கும்படி, வரிசையாக நிறுத்த வேண்டும்.

3. வரும் பனிக்கு இந்த உயரம் போதுமா?

வேலிக்குக் கொள்ளளவு உண்டு. நிரம்பிய பிறகு அது வெறும் கம்பும் வலையும்தான். காற்று பனியை அதன் மேலாகச் சாலைக்குக் கொண்டு போய்விடும். 1.35 மீட்டர் வேலி, நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 16 டன் பனியைப் பிடிக்கும். உயரத்தை இரட்டித்தால் கொள்ளளவு நான்கு மடங்குக்கும் மேல் ஆகிறது. அதனால்தான் இரண்டு குட்டை வேலிகளைவிட ஒரு நெட்டை வேலி மேலானது.

வரும் பனி, காற்று வரும் பக்கத்தில் எவ்வளவு தூரம் வெட்டவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காடோ, தோப்போ, ஆழமான ஓடையோ குறுக்கிடும் இடத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். காற்றில் ஓடும் பனித்துகள் சுமார் 3 கிலோமீட்டருக்குள் ஆவியாகிவிடுவதால் அதற்கு அப்பால் பார்க்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: காற்றில் ஓடக்கூடிய பனி ஒரு குளிர்காலத்தில் 50 மில்லிமீட்டர் நீருக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டவெளி 300 மீட்டர் என்றால், மீட்டருக்குச் சுமார் 13 டன் வரும், வேலி தாங்கும். 500 மீட்டர் என்றால் சுமார் 21 டன் வரும். குளிர்காலம் முடியும் முன்பே வேலி நிரம்பிவிடும். இரண்டாவது இடத்துக்கு இன்னும் உயரமான வேலி வேண்டும்; 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான தூரம் 70 மீட்டர். உயரம் கூடினால் தூரம் கூடும், தூரம் கூடினால் நிலத்துக்காரரிடம் கேட்பதும் கூடும். ஆகவே இந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் அவர் வாசலுக்குப் போக வேண்டும்.

4. நிலத்துக்காரரிடம் ஆகஸ்டில் பேசுங்கள்

ஆகஸ்ட் ஏன்? செப்டம்பர் கடைசியில் சோயா அறுவடை தொடங்கும். அது முடிந்த கையோடு பலர் அதே வயலில் குளிர்காலக் கோதுமையை விதைத்துவிடுவார்கள். கோதுமை முளைத்த வயலில் வேலி கட்ட அனுமதி கேட்பது நியாயமே அல்ல. பனிமேட்டின் அடியில் பயிர் நெடுநாள் புதைந்து கிடந்தால் பூஞ்சை பிடித்து அழுகும். விதைக்கும் முன்பே பேசினால், அந்தப் பட்டையை மட்டும் தரிசாக விடவோ, அடித்தாளோடு (அறுத்தபின் நிற்கும் தண்டுகளோடு) விடவோ அவர் திட்டமிடலாம்.

யாரிடம் பேசுவது என்பதில் கவனம் வேண்டும். நிலத்தின் உரிமையாளர் ஒருவர், அதைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் வேறொருவர் என்பது இங்கே வெகு சாதாரணம். உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வயலில் இறங்கினால், முதல் நாளே குத்தகை விவசாயியின் கோபத்தைச் சந்திப்பீர்கள். அவர் கோபம் சரியானது, பயிர் அவருடையது. இருவரிடமும் பேசுங்கள்.

படிவத்தோடு போகாதீர்கள். வரைபடத்தோடு போய், அவரோடு வயலில் நடந்து, வேலி நிற்கும் கோட்டையும் பனிமேடு விழும் பட்டையையும் காட்டுங்கள். பொதுவாக மூன்று கவலைகளைச் சொல்வார். மூன்றும் உண்மையானவை.

முதலாவது ஈரம். வேலிக்கும் சாலைக்கும் இடையில் 47 மீட்டர் அகலத்துக்குக் கிடக்கும் பனி, மற்ற இடத்தைவிடத் தாமதமாக உருகும். அங்கே விதைப்பு தள்ளிப்போகும். இதை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். அதற்கு ஈடு என்ன என்பதையும் அப்போதே பேசுங்கள்.

இரண்டாவது கம்பித்துண்டுகள். தீவனப்புல் அல்லது அல்ஃபால்ஃபா (ஒரு தீவனப் பயிர்) வயலில் விடுபட்ட ஒரு சிறு கம்பி, தீவனக் கட்டோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போகும். அது இரைப்பையைத் துளைத்து இதயம் வரை போய் மாட்டைக் கொல்லக்கூடும். பால்மாடு வைத்திருப்பவர் இதை ஒருபோதும் மறக்க மாட்டார். நீங்களும் மறக்கக் கூடாது.

மூன்றாவது வண்டித்தடம். ஈர வயலில் லாரியை ஓட்டினால் மண் இறுகி, அடுத்த ஆண்டு விளைச்சல் அந்தத் தடத்தில் குறையும். எந்த வழியாக உள்ளே போவது என்பதை அவரே சொல்லட்டும்.

கூடவே, காற்று போகும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பனிமேடு விழும் பட்டையில் யாருடைய வீட்டுப் பாதையோ, புரொப்பேன் தொட்டியோ, கிணற்று மூடியோ இருந்தால் கோட்டை மாற்றுங்கள். காற்று வரும் பக்கத்திலும் வேலியின் உயரத்தைப்போல் 12 முதல் 15 மடங்கு தூரத்துக்குச் சிறு மேடு உருவாகும். அது பக்கத்து நிலத்துக்குள் போனால் அவருடைய சம்மதமும் வேண்டும்.

5. எழுத்தில் வாங்குங்கள்

ஒரு பக்கம் போதும். லாட், கன்செஷன் எண்கள் (நிலத்தின் அளவை எண்கள்), வேலிக் கோட்டின் வரைபடம், எந்தத் தேதிக்குப் பின் நுழையலாம், எந்தத் தேதிக்குள் அகற்ற வேண்டும், நுழையும் வழி, பயிர்ச்சேதத்துக்கும் நிலத்துக்குமான பணம், பொறுப்புக் காப்பீடு யாருடையது, நிலம் கைமாறினால் என்ன ஆகும். இவை இருந்தால் சரி. அகற்றும் தேதிதான் விவசாயிக்கு மிக முக்கியம். அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சாலை அதிகாரிக்குப் பக்கத்து நிலத்தில் நுழையச் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களும் உண்டு. அந்த அதிகாரம் இருக்கும் இடத்திலும் கையெழுத்தை வாங்குங்கள். அடுத்த ஆண்டும் அதே வயலுக்குத்தான் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

நீங்கள் நிலத்துக்காரராக இருந்து, மாகாண நெடுஞ்சாலையோரம் வேலி கட்டுவதானால் இன்னொரு படி இருக்கிறது. நெடுஞ்சாலை எல்லையிலிருந்து 45 மீட்டருக்குள் கட்டடமோ வேலியோ அமைக்க மாகாணப் போக்குவரத்து அமைச்சின் அனுமதி தேவை. சாலையோரத்திலிருந்து 47 மீட்டர் என்று மேலே கணக்கிட்ட வேலிக் கோடு, நெடுஞ்சாலை எல்லை சாலையோரத்தைத் தாண்டி இருப்பதால், அந்த 45 மீட்டருக்குள்தான் விழும். சொந்த நிலம்தானே என்று தொடங்கிவிடாதீர்கள்.

6. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

இரும்புக் கம்பத்தை அடித்து இறக்குவதும் தோண்டுவதற்குச் சமமே. ஒன்ராறியோவில் அதற்கு முன் 'ஒன்ராறியோ ஒன் கால்' அமைப்புக்குத் தகவல் கொடுத்து, எரிவாயு, மின்சாரம், தொலைபேசி வடங்களின் இடத்தை அடையாளம் இட்டுத் தரக் கேட்பது சட்டப்படி கட்டாயம். நிலத்துக்காரருக்குக் கட்டணம் இல்லை. அடையாளம் வர நாளாகும் என்பதால் அக்டோபர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அவர்கள் காட்டாத ஒன்று வயலின் வடிகால் குழாய். இப்பகுதி வயல்களில் பலவற்றின் அடியில், நீரை வடிக்கும் துளைக்குழாய்கள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. அவற்றின் வரைபடம் விவசாயியிடம்தான் இருக்கும். கேட்டு வாங்குங்கள். கம்பம் குழாயைக் குத்தினால் அது அன்று தெரியாது. வசந்தத்தில் அந்த இடத்தில் நீர் தேங்கும்போதுதான் தெரியும்.

7. பொருள்களும் அடி இடைவெளியும்

மரப்பட்டிகளைக் கம்பியால் பின்னிய சுருளும் பிளாஸ்டிக் வலையும் இரண்டும் வேலை செய்யும். முக்கியமானது திறப்பு: ஏறக்குறைய பாதிப் பரப்பு திறந்திருக்க வேண்டும். முழுக்க அடைத்த பலகை நன்றாகத் தடுக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் பின்னால் மேடு குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து சீக்கிரமே நிரம்பிவிடும்.

வேலியின் அடிப்பாகம் தரையைத் தொடக் கூடாது. உயரத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை கீழே இடைவெளி விடுங்கள். நம் வேலிக்கு அது 15 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் வேகமாகப் பாயும் காற்று, வேலியின் காலடியில் பனி சேராமல் துடைத்துக்கொண்டே இருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் வேலி தன் பனிக்குள்ளேயே புதைந்து, உயரத்தை இழந்து, டிசம்பரிலேயே செயலற்றுப்போகும். புல்லும் அடித்தாளும் உயரமாக நின்றால் அவற்றின் தலையிலிருந்து அளந்து இடைவெளி விடுங்கள்.

இவை தவிர 'டி' வடிவ இரும்புக் கம்பங்கள், கம்பம் அடிக்கும் கைக்குழல், மரப்பட்டிகள், கட்டுக்கம்பி, மூலைத் தாங்கிகள், அளவு நாடா, வண்ணக் குச்சிகள் வேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை வாங்காதீர்கள்; கடுங்குளிரில் அது நொறுங்கிவிடும்.

8. கோடு போடுதல்

பாதுகாக்க வேண்டிய சாலைத்துண்டைவிட வேலி நீளமாக இருக்க வேண்டும். முனைகளைச் சுற்றிக்கொண்டு காற்று வரும். திசையும் சற்று மாறும். ஒவ்வொரு முனையிலும் உயரத்தைப்போல் 20 மடங்கு, அதாவது 27 மீட்டர், கூடுதலாக நீட்டுங்கள். 100 மீட்டர் சாலைக்கு 154 மீட்டர் வேலி. பணம் மிச்சம் பிடிக்க நீளத்தைக் குறைத்தால், காக்க நினைத்த இடத்தின் இரு ஓரங்களிலும் பனி ஏறும்.

டிராக்டர் போக நடுவில் வழி விடும்படி விவசாயி கேட்பார். வெறும் திறப்பாக விட்டால் காற்று அதில் குவிந்து பாய்ந்து, நேர் எதிரே சாலையில் பனியைக் கொட்டும். திறப்புக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு துண்டு வேலியை, இரு பக்கமும் மேற்படியும்படி, தள்ளி நிறுத்துங்கள். டிராக்டர் வளைந்து போகலாம்; காற்று நேராகப் போக முடியாது.

வேலியைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். கோட்டுக்கு அருகில் சிறு மேடு இருந்தால் அதன் தலையில் வையுங்கள், அது சாலைக்கு நெருக்கமாகாத வரை. நிலம் சாலையை நோக்கி இறங்கினால் பனிமேடு இன்னும் நீளும், தூரத்தைக் கூட்டுங்கள்.

9. நடுதல்

மக்காச்சோள அறுவடை முடிந்து, தரை உறையாத காலத்தில் நடுங்கள். பெரும்பாலும் நவம்பரின் முதல் மூன்று வாரங்கள். உறைந்த மண்ணில் கம்பம் இறங்காது. இறங்கினாலும் நேராக நிற்காது.

முதலில் இரு முனைக் கம்பங்களை நட்டுத் தாங்கி கொடுங்கள். இடையில் கயிறு கட்டி, 2.4 முதல் 3 மீட்டருக்கு ஒரு கம்பம், 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. வடிகால் குழாய் ஓடும் இடத்தில் கம்பத்தை ஓர் அடி நகர்த்துங்கள். ஒவ்வொரு சுருள் முடியும் இடத்திலும் கூடுதல் தாங்கி தேவை.

வேலியைக் கம்பங்களின் காற்று வரும் பக்கத்தில் கட்டுங்கள். அப்போது காற்றே அதைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் கட்டினால் புயலின் முழு பலத்தையும் கட்டுக்கம்பிகள் மட்டும் தாங்க வேண்டிவரும்.

பிளாஸ்டிக் வலையை நேராகக் கம்பியால் கட்டாதீர்கள்; கம்பி வலையை அறுத்துவிடும். வலையை இரண்டு மரப்பட்டிகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, பட்டியைக் கம்பத்தோடு கட்டுங்கள். தொய்வே இல்லாமல் இழுங்கள். தொய்ந்த வலை இரவெல்லாம் படபடத்துத் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும்.

வெட்டிய கம்பித்துண்டு ஒவ்வொன்றையும் வாளியில் போடுங்கள். இதற்கென ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோருடைய பொறுப்பாக இருந்தால் யாருடைய பொறுப்பும் ஆகாது.

10. முதல் புயலுக்குப் பிறகு

காற்று அடங்கியதும் போய்ப் பாருங்கள். பனிமேடு முடியும் இடத்தில் வண்ணக் குச்சி நட்டு, தேதியோடு படம் எடுங்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இதைச் செய்தால், அடுத்த ஆண்டு தூரத்தையும் உயரத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை. விவசாயியோடு ஈடு பற்றிப் பேசும்போதும் இதே படங்கள் உதவும்.

சாய்ந்த கம்பத்தை அன்றே நிமிர்த்துங்கள். பிப்ரவரியில் வேலி நிரம்பிவிட்டதென்றால், அதைப் பிடுங்கிச் சாலைக்கு அருகே நடும் ஆசை வரும். செய்யாதீர்கள். நிரம்பியது உயரம் போதாததால். அருகே நகர்த்துவது அதைச் சரிசெய்யாது.

11. வேலிக்குப் பதில் சோள வரிசை

கம்பம் நட விரும்பாத விவசாயி, மக்காச்சோளத்தின் சில வரிசைகளை அறுக்காமல் விடச் சம்மதிக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை இதற்காக விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது. ஆறு வரிசையாவது அடர்த்தியாக நிற்க வேண்டும். இடைவெளி விட்டு இரண்டு பட்டைகளாக விட்டால் இன்னும் நல்லது. தூரக் கணக்கு இதற்கும் உண்டு. சோளம் வேலியைவிட உயரம் என்பதால் சாலைக்கு நெருக்கமான கடைசி வரிசைகளை விடச் சொல்லாதீர்கள். உள்ளே தள்ளிய வரிசைகளைக் கேளுங்கள். பயிர்ச் சுழற்சியில் அந்த ஆண்டு சோளம் இல்லையென்றால் இந்த வழியும் இல்லை. அதனால்தான் நீண்ட காலத்துக்கு, மரங்களை வரிசையாக நட்டு வளர்க்கும் வேலியை நான் விரும்புகிறேன், அது வளர்ந்து பயன் தரப் பல ஆண்டுகள் ஆனாலும்.

12. அகற்றுதல்

ஒப்புக்கொண்ட தேதி ஏப்ரல் 15 என்றால், ஏப்ரல் 15க்குள் வயல் காலியாக இருக்க வேண்டும். மண் இளகியதும், ஆனால் சேறாக இல்லாத நாளில், முடிந்தால் காலை உறைபனி இறுக்கம் இருக்கும்போதே வண்டியை இறக்குங்கள். பேசிய வழியாக மட்டும் போங்கள்.

கம்பங்களை எண்ணி நட்டீர்கள், எண்ணிப் பிடுங்குங்கள். தரை மட்டத்தில் முறிந்த ஒரு கம்பம் அறுவடை இயந்திரத்தின் டயரையோ வெட்டும் பகுதியையோ நாசமாக்கும். குழிகளை மூடி, கோடு நெடுகக் காந்தச் சட்டத்தை இழுத்து, உதிர்ந்த ஆணிகளையும் கம்பிகளையும் பொறுக்குங்கள். பிளாஸ்டிக் வலையை வெயில் படாத இடத்தில் வையுங்கள். மரச்சுருளைத் தரையில் கிடத்தாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

பிறகு விவசாயியையும் குத்தகைக்காரரையும் அழைத்து வயலைக் காட்டுங்கள். ஈரம் எதுவரை நிற்கிறது, விதைப்பு எத்தனை நாள் தள்ளும் என்று அங்கேயே குறித்து, பேசிய பணத்தை மே மாதம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கான கோட்டை நகர்த்த வேண்டுமா என்பதையும் ஈரம் கண்ணுக்குத் தெரியும் அந்த நேரத்திலேயே கேட்டுவிடலாம்.